தமிழ் மின்னூல்களின் பொதுவுரிமை வரலாறு
(திண்டுக்கல் வட்டாரச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு)

1. தோற்றுவாய்

நூல் என்பது எழுதப்பட்ட அளவானே நிலைபெறுவதன்று; படிப்பார் கைக்கு வந்து சேர்ந்த பின்னரே அது நூலாகின்றது. பண்டைத் தமிழ் நூல்கள் பல இறந்துபட்டமைக்குச் செல்லும் நெருப்பும் வெள்ளமும் மட்டுமே காரணங்கள் அல்ல. படியெடுப்பார் இன்மையும் ஒரு பெருங் காரணமாகும். எந்நூலைப் பலர் படியெடுத்தனரோ அந்நூல் பிழைத்தது. எந்நூல் ஒரே வீட்டில் ஒரே சுவடியாய்க் கிடந்ததோ அது மாய்ந்தது. ஆகவே, ஒரு நூலைப் படியெடுத்தற்குரிய உரிமை யாரிடம் உள்ளது, அவ்வுரிமை எப்பொழுது எல்லார்க்கும் பொதுவாகின்றது என்னும் வினாக்கள் இலக்கிய வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையன.

இற்றை நாளில் மாணாக்கர் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் கிண்டில் போன்ற மின்னூற் கருவிகளிலும் தமிழ் நூல்களைப் படிக்கின்றனர். அவற்றுட் பல விலையின்றிக் கிடைப்பன. ஆயினும், விலையின்றிக் கிடைப்பன யாவும் முறையாகக் கிடைப்பன அல்ல. முறையாகக் கிடைப்பன யாவும் ஆராய்ச்சிக்குத் தகுதியுடையனவும் அல்ல. இவ்விரு வேறுபாடுகளையும் தெளிந்துகொள்ளல் முதுகலை மாணாக்கர்க்கு இன்றியமையாதது. தமிழில் இத்தகைய பொதுவுரிமை மின்னூல்கள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறி, திண்டுக்கல் வட்டாரத்தோடு தொடர்புடைய சான்றுகள் சிலவற்றால் அதன் பயனையும் குறையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஏடும் அச்சும்

ஏட்டுச் சுவடிக் காலத்தில் நூலைப் படியெடுத்தற்குச் சட்டத் தடை யாதும் இருந்ததில்லை. தடையாய் இருந்தவை உழைப்பும் வழக்குமே. ஓலையை வாரிப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மையிட்டு ஒரு நூலை எழுதி முடித்தற்குப் பல திங்கள் ஆகும். மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் இருந்த சுவடிகளைப் பிறர்க்குத் தருவதில் தயக்கமும் இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராய்ச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். சில வீடுகளில் அடங்கிக் கிடந்த செல்வம் இவ்வாறு தமிழ் கூறும் நல்லுலகத்துக்குப் பொதுவாயிற்று.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஆயினும் திருக்குறள் அச்சேற 1812 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835இல் கிடைத்த பின்னரே தமிழ் அச்சுத் தொழில் விரைந்து வளர்ந்தது. இவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. கருவி தோன்றுதல் வேறு, அக்கருவி மக்கள் கைக்கு வருதல் வேறு. இரண்டிற்கும் இடையே உள்ள காலத்தின் நீளத்தை உரிமையே வரையறுக்கின்றது. மின்னூல் வரலாற்றிலும் இவ்வுண்மை மீண்டும் புலப்படுதலைப் பின்னர்க் காண்போம்.

அச்சு நூல் எல்லார்க்கும் பொதுவாயினும் விலையுடையது. விலை கொடுக்க இயலாதார்க்கு நூலகமே புகல். விடுதலை பெற்ற இந்தியாவில் முதற்கண் பொது நூலகச் சட்டம் இயற்றிய பெருமை 1948இல் சென்னை மாகாணத்திற்கு உரியதாயிற்று. எனினும் பழைய பதிப்புகள் பெரும்பாலும் சென்னையிலேயே தொகுக்கப்பெற்றன. கன்னிமாரா நூலகமும், உ. வே. சா. நூலகமும், கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் அமைந்த ஆராய்ச்சி நூலகமும் அங்கேயே உள்ளன. திண்டுக்கல், தேனி, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களின் மாணாக்கர் ஒரு பழம்பதிப்பைப் பார்த்தற்கும் நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கியது மின்னூல் என்பதை மறுத்தல் இயலாது.

3. பதிப்புரிமையும் நாட்டுடைமையும்

விலையில்லா மின்னூலுக்கு அடிப்படை, பதிப்புரிமைச் சட்டமாகும். இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ளது 1957ஆம் ஆண்டுச் சட்டம். அது 1958 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் வாழ்நாளும் அவர் மறைவிற்குப் பின் 50 ஆண்டும் உரிமை நிலைக்கும் என்று அச்சட்டம் முதலில் வகுத்தது. இரவீந்திரநாத தாகூர் 1941இல் மறைந்தமையின் அவர்தம் நூல்களின் உரிமை 1991இறுதியில் முடிவதாய் இருந்தது. அதனை நீட்டித்தற்பொருட்டு எழுந்த முயற்சியின் விளைவாக 1992இல் சட்டம் திருத்தப்பெற்று, 50 என்பது 60 ஆயிற்று. ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து இவ்வறுபது ஆண்டும் எண்ணப்படும். ஆதலின் ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் நாளில் ஒரு தொகுதி ஆசிரியர்களின் நூல்கள் பொதுவாகின்றன.

வங்கக் கவிஞர் ஒருவர்பொருட்டு எழுந்த இத்திருத்தம் தமிழ்ப் பதிப்புகளையும் பற்றியது. 1942இல் மறைந்த உ. வே. சா. அவர்களின் முன்னுரைகளும் குறிப்புரைகளும் தன்வரலாறும் பழைய கணக்கின்படி 1993 தொடக்கத்திலேயே பொதுவாகியிருக்கும். புதிய கணக்கின்படி 2003 தொடக்கத்தில் பொதுவாயின. சட்டத்தின் ஒரு சொல் மாறினமையால் பத்தாண்டுக் காலம் கூடிற்று.

மூலம் வேறு, உரை வேறு என்பதனை ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். திருக்குறள் மூலம் எவர்க்கும் உரியது. பரிமேலழகர் உரையும் அத்தகையதே. ஆனால் 1974இல் மறைந்த டாக்டர் மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரைக்குச் சட்டக் கணக்கில் உரிமை 2034இறுதி வரை உண்டு. சிலப்பதிகார மூலம் பொது. 1944இல் மறைந்த நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரை 2005 தொடக்கம் முதற் பொது; அண்மைக்கால ஆசிரியர் எழுதிய உரை அவர்க்கு அல்லது அவர் மரபினர்க்கு உரியது. மொழிபெயர்ப்பும் அங்ஙனமே, மூலநூல் பொதுவாயினும் மொழிபெயர்ப்பாளர்க்குத் தனி உரிமை உண்டு. பழைய நூல் என்ற பெயரால் புதிய உரையையும் சேர்த்துப் படியெடுத்துப் பரப்புவோர் இவ்வேறுபாட்டை உணராதவராவர்.

காலக் கணக்கிற்கு முன்னரே நூல்களைப் பொதுவாக்கும் வழி ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. அதுவே நாட்டுடைமை. இதற்குப் பாரதியார் நூல்களே தோற்றுவாய். பாரதியார் 1921இல் மறைந்தார். அவர்தம் நூல்களின் உரிமை பின்னர் அவர் தம்பி சி. விசுவநாதனிடமும், பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடமும் இருந்தன. டி. கே. சண்முகம் சகோதரர்களின் ‘பில்ஹணன்’ திரைப்படத்தை ஒட்டி 1948இல் எழுந்த வழக்கு, மக்கட் கவிஞர் ஒருவரின் பாடலைப் பாடுதற்கு மக்கள் இசைவு பெறல் வேண்டுமோ என்னும் வினாவை எழுப்பியது. எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் கிளர்ச்சி செய்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் மாகாண ஆட்சித் தலைமையில் இருந்த 1949இல் அரசு அவ்வுரிமையை ஏற்றது. பின்னர் அது மக்களுக்கே வழங்கப்பெற்றது. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வரலாற்றைத் தனி நூலாகவே ஆராய்ந்துள்ளார்.

பாரதியாருக்குப் பின்னர், ஆசிரியரின் மரபுரிமையர்க்கு ஒரு பரிவுத் தொகை அளித்து நூல்களை நாட்டுடைமையாக்கும் முறை நிலைபெற்றது. மறைமலையடிகள், திரு. வி. க., கல்கி, புதுமைப்பித்தன், தேவநேயப் பாவாணர் உள்ளிட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் இவ்வாறு பொதுவாகியுள்ளன. மரபுரிமையர் இசைவு இம்முறைக்கு இன்றியமையாதது. ஏற்க மறுத்தாரும் உளர். 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் நூல்கள் சட்டக் கணக்கில் 2009இல் பொதுவாகியிருக்கும். நாட்டுடைமையால் சில ஆண்டு முன்னரே அவை பொதுவாயின. பிற நாடுகளில் காண்டற்கரிய இம்முறையே, பின்னர்த் தோன்றிய தமிழ் மின்னூலகங்களுக்கு இருபதாம் நூற்றாண்டு இலக்கியத்தை வழங்கிய வாயில் ஆயிற்று.

4. இணையத் திரட்டுகளின் தோற்றம்

உலகில் மின்னூல் முயற்சிக்கு முதல்வராகக் கருதப்படுபவர் அமெரிக்கராகிய மைக்கேல் ஹார்ட் என்பார். அவர் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராய் இருந்தபோது, 1971 சூலையில் அமெரிக்க விடுதலை அறிக்கையைக் கணிப்பொறியில் தட்டச்சிட்டு எல்லார்க்கும் பொதுவாக வைத்தார். அதுவே குட்டன்பர்க் திட்டம் என வளர்ந்தது.

அதன் போக்கைத் தழுவித் தமிழில் தோன்றியது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் அது தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வேதியியல் அறிஞராய் விளங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் அமைப்பாளர். அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்சுனன் துணை அமைப்பாளர். சங்கம் இருந்த நகரின் பெயர் இத்திட்டத்திற்கு இடப்பட்டது பொருத்தமே. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் ஓரிடத்தில் அறிஞரைக் கூட்டியது. இம்மதுரையோ இடமின்றியே கூட்டியது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் ஊதியம் எதிர்பாராது ஓய்வு நேரத்தில் தட்டச்சிட, பிறர் பிழை திருத்த, நூல்கள் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. இலக்கியத் துறையினர் அல்லாதார் பலர் இதில் ஈடுபட்டனர் என்பதும், தமிழ்த்துறைகள் இதில் முதற்கண் பெரும்பங்கு கொள்ளவில்லை என்பதும் நடுநின்று நோக்குவார்க்குப் புலனாகும்.

1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், இலக்கண இலக்கிய மூலங்களையும் உரைகளையும் அகராதிகளையும் இணையத்தில் வைத்தது. அதன் தமிழ் மின்னூலகம் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் பக்கப்படமாகத் தருகின்றது.

ஈழத்து முயற்சி தனித்து நோக்கத்தக்கது. 1981ஆம் ஆண்டு மே, சூன் திங்கள்களின் இடையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் மின்னாக்கம் செய்து வருகின்றது. ஏனையோர்க்கு மின்னூல் வசதி. ஈழத்தார்க்கோ அது காப்பு. இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைவிற்குப் பின் 70 ஆண்டு உரிமை உண்டாதலின், அங்குள்ள நூல்கள் பலவற்றிற்கு உரியோர் இசைவு பெறுதல் இன்றியமையாததாயிற்று.

மூன்றாம் வகையின, தன்னார்வலர் கூட்டு முயற்சிகள். தமிழ் விக்கிமூலத்திற்கு நாட்டுடைமை நூல்கள் ஏறத்தாழ 2,000 தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே கிடைத்தன. அங்குப் பக்கப்படம் ஒருபுறமும் எழுத்துரை மறுபுறமுமாக நிற்கும். எவரும் ஒப்புநோக்கித் திருத்தலாம். ஒரு பக்கம் எத்தனை நிலைத் திருத்தம் பெற்றது என்பது நிறக்குறியாற் காட்டப்படும். 2013இல் த. சீனிவாசன் முதலியோர் தொடங்கிய கட்டற்ற தமிழ் மின்னூல்கள் திட்டம், வாழும் ஆசிரியர்கள் தாமே மனமுவந்து படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வழங்கும் நூல்களை வெளியிடுகின்றது. காலத்தாற் பொதுவாதல், அரசாற் பொதுவாதல் என்னும் இரண்டனோடு, கொடையாற் பொதுவாதல் என்னும் மூன்றாம் வழி இதனாற் பிறந்தது.

இம்மூவழியுள் ஒன்றிலும் அடங்காத மின்னூல், எத்தளத்திற் கிடைப்பினும், முறையாகக் கிடைத்ததன்று என்க. 1996இல் அமெரிக்காவில் தோன்றிய இணைய ஆவணகம் தமிழ்ப் பழம்பதிப்புகளுக்குப் பெருங் களஞ்சியம். ஆயினும் அங்கு எவரும் நூலை ஏற்றலாமாதலின் உரிமையுள்ள நூல்களும் இடையிடையே கலந்திருக்கும். தளத்தின் பெருமை நூலின் உரிமைக்குச் சான்றாகாது. முகப்புப் பக்கத்தை நோக்கி ஆசிரியர் பெயரையும் மறைந்த ஆண்டையும் அறிந்து கணக்கிடுதலே வழி.

5. எழுத்துருவும் கருவியும்

தொடக்க காலத்துத் தமிழ் மின்னூலுக்குப் பெருந்தடையாய் இருந்தது எழுத்துக் குறியீடு. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. மயிலை எழுத்துருவில் தட்டச்சிட்ட நூலை அவ்வெழுத்துரு இல்லாதார் திறப்பின் பொருளற்ற குறிகளே தோன்றும். 1990களின் இறுதியில் தகுதரம் என்னும் பொதுக் குறியீட்டை இணையத் தமிழர் கூடி வகுத்தனர். தமிழக அரசும் 1999இல் தன் தரங்களை அறிவித்தது. பின்னர் ஒருங்குறி எங்கும் பரவியது. மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டிற்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. வட்டெழுத்தில் இருந்தவற்றைத் தமிழெழுத்திற்குப் பெயர்த்தெழுதிய பழைய செயல் இதனோடு ஒப்பிடத்தக்கது. பெயர்த்தெழுதாதன படிக்க இயலாதனவாய் ஒழிந்தன.

கருவியின் வரலாறும் இத்தகையதே. மின்மையினால் இயங்கும் படிப்புக் கருவிகள் 2004 முதல் விற்பனைக்கு வந்தன. 2007இல் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வெளிவந்தது. ஆயினும் அக்கருவி நெடுங்காலம் தமிழைச் செவ்வனே காட்டவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 2016இறுதியிலேயே அந்நிறுவனம் தமிழ் நூல்களை முறையாக வெளியிடத் தொடங்கியது. அதுகாறும் தன்னார்வலர், எழுத்துருவை உள்ளடக்கி ஆறு அங்குலத் திரைக்கெனத் தனியே அமைத்த பி.டி.எஃப். கோப்புகளை வழங்கி வந்தனர். முதல் அச்சிற்கும் திருக்குறள் அச்சிற்கும் இடையே இருநூறாண்டுகளுக்கு மேல் கழிந்தமையோடு இதனை ஒப்பிடின், இக்காலத்துத் தாழ்ப்பு சிறிதே எனலாம்.

மாணாக்கர் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பக்கப்பட நூல் சிறுதிரைக் கருவியிற் படித்தற்கு ஏற்றதன்று. எழுத்தைப் பெரிதாக்கின் வரி திரைக்கு வெளியே செல்லும். இ-பப் வடிவிலுள்ள எழுத்துரை நூலோ திரைக்கு ஏற்ப வரியை மடித்துக்கொள்ளும். ஆதலின், படித்தற்கு எழுத்துரையும் சான்று காட்டுதற்குப் பக்கப்படமும் உரியன.

6. வத்தலக்குண்டு எழுத்தாளர் மூவர்

பொதுவுரிமையின் இயல்பை விளக்குதற்குத் திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டைவிடச் சிறந்த சான்று அரிது. 1985 வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், தற்காலத் தமிழ் உரைநடைக்கு மூவரை அளித்தது.

முதல்வர் பி. ஆர். ராஜம் ஐயர். 1872இல் பிறந்த இவர் 1898இல், தம் இருபத்தாறாம் வயதிலேயே மறைந்தார். விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் 1895 வரை தொடராய் வெளிவந்து 1896இல் நூலாகிய கமலாம்பாள் சரித்திரம், தமிழ் நாவல் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. எவ்வாறு கணக்கிடினும் அதன் உரிமைக் காலம் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்கும் முன்னரே முடிந்தது. ஆகவே அதனை எவரும் பதிப்பிக்கலாம்; மின்னூலாக்கலாம். இணையத்தில் அது விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றது.

இரண்டாமவர் பி. எஸ். ராமையா. 1905இல் பிறந்து 1983இல் மறைந்தவர். மணிக்கொடி இதழைச் சிறுகதை ஏடாக வளர்த்தவர். ‘மணிக்கொடி காலம்’ என்னும் நூலுக்காக 1982இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். சட்டக் கணக்கின்படி அவர் நூல்கள் 2044 தொடக்கத்திற் பொதுவாகும்.

மூன்றாமவர் சி. சு. செல்லப்பா. 1912இல் சின்னமனூரிற் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர், 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கித் தம் கைப்பொருளைச் செலவிட்டு நடத்தியவர், 1998இல் மறைந்தவர். அவர்தம் வாடிவாசல் முதலிய நூல்கள் அக்கணக்கின்படி 2059 தொடக்கத்திற் பொதுவாகும். இடையே நாட்டுடைமை அறிவிப்போ மரபுரிமையர் கொடையோ நிகழின் இவ்விருவர் நூல்களும் முன்னரே பொதுவாதல் கூடும்.

இம்மூவரையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு முரண் புலப்படுகின்றது. காலத்தாற் சேய்மையில் உள்ள நூல் கைக்கு எளிதாகவும், அண்மையில் உள்ள நூல் அரிதாகவும் நிற்கின்றன. சங்க நூல் பொத்தானை அழுத்திய அளவிற் கிடைக்கின்றது. 1940களிலோ 1950களிலோ ஒரேமுறை அச்சாகி மறுபதிப்புக் காணாத சிறுகதைத் தொகுதி கிடைப்பதில்லை. நன்கு விற்கும் ஆசிரியர்க்கு இதனால் இழப்பில்லை. பதிப்பகங்கள் அவர்களைக் காக்கின்றன. பழம்பெரும் ஆசிரியர்க்கும் இழப்பில்லை; தன்னார்வலர் அவர்களைக் காக்கின்றனர். இவ்விரு வகையினும் சேராது இடைப்பட்டு நிற்கும் எழுத்தாளரே மறக்கப்படுகின்றனர். அவர்தம் நூல்கள் அச்சிட்ட தாள் நொறுங்கும் இயல்பினது. உரிமைக் காலம் முடியும் நாளில் படியெடுத்தற்கு ஒரு படியேனும் எஞ்சியிருக்குமோ என்பதே ஐயம். ஒரே சுவடியாய்க் கிடந்து மாய்ந்த நூல்களின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

இதற்குரிய மாற்று உரிமையை மீறுதல் அன்று. தம் கைப்பொருளை இழந்து எழுத்தை வளர்த்தோரின் மரபினர்க்கு உரியதைக் கேளாது கவர்தல் அறமாகாது. மரபுரிமையரைத் தேடிக் கண்டு, அவர் இசைவைப் பெற்று, பொது உரிமத்தின்கீழ் நூலை வெளியிடச் செய்தலே முறை. அத்தேடல் அவ்வவ் வட்டாரத்துக் கல்லூரிகளுக்கே எளிது. வத்தலக்குண்டிலும் நிலக்கோட்டையிலும் பழனியிலும் எழுத்தாளர் குடும்பங்களை அணுகி வினவுதற்குச் சென்னையிலிருந்தோ லோசானிலிருந்தோ ஒருவர் வருதல் அரிது.

7. சிறுமலைச் சான்று

மின்னூல் ஆராய்ச்சிக்கு எத்துணைப் பயன்படும் என்பதனை ஒரு சான்றால் ஆராய்வோம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே எழும் சிறுமலையைச் சிலப்பதிகாரம் பெயர் சுட்டிக் கூறுகின்றது. காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழியை மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு உரைக்குமிடத்து, தென்னவனுக்குரிய சிறுமலை வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ ஓங்கித் தோன்றும் என்றும், அதனை வலப்பக்கத்தே கொண்டு செல்லல் வேண்டும் என்றும் கூறுகின்றான். இன்றும் அம்மலை வாழைக்கும் பலாவுக்கும் பேர்பெற்றது. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

முன்னாளில் ஒருவர் சங்க நூல்களிலும் காப்பியங்களிலும் சிறுமலை பயிலும் இடங்களைத் தேட முற்படின், நூல்களை வரிவரியாய்ப் படித்தல் வேண்டும். அல்லது சொல்லடைவு உள்ள பதிப்பை நாட வேண்டும். இன்றோ எழுத்துரையில் அச்சொல்லைத் தேடிய அளவில் இடம் தோன்றும். மலையடிவாரத்துச் சிற்றூர் மாணாக்கர் ஒருவரும் இதனைச் செலவின்றிச் செய்தல் கூடும். இது பெரும்பயன் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இத்தேடலுக்கு மூன்று எல்லைகள் உள.

முதலாவது, சந்தி. சீர் பிரித்து யாப்புறப் பதித்த நூலில், உயிர் முதலாகிய சொல் முன்னின்ற மெய்யோடு கூடி உருமாறி நிற்கும். ‘அகம்’ என்னும் சொல் ‘டகம்’, ‘னகம்’ எனத் தோன்றுமிடத்துக் கணிப்பொறி அதனைக் காணாது. ஆதலின் தேடற்குச் சொல் பிரித்த பாடமும், யாப்பு ஆராய்ச்சிக்குப் பிரியாப் பாடமும் வேண்டப்படும். ஒரு சொல் ஒரு நூலில் இல்லை என்று தேடலை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் தவறாகும்.

இரண்டாவது, எழுத்துப் பிழை. ஏட்டுச் சுவடியில் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. அக்காலப் பதிப்பாசிரியர் இவற்றாற் பெரிதும் இடர்ப்பட்டனர். வியப்பு யாதெனில், பக்கப்படத்தைக் கணிப்பொறி தானே படித்து எழுத்தாக்குமிடத்தும் அதே ரகரமும் காலும் மயங்குகின்றன. ணகர னகரங்களும் மயங்குகின்றன. மங்கிய அச்சில் புள்ளி விடுபடுகின்றது. நூற்றாண்டிற்கு முன் தீர்ந்ததாகக் கருதிய இடர் புதிய கருவியில் மீண்டும் தோன்றியுள்ளது. அதனைத் தீர்த்தற்கு அன்று வேண்டப்பட்ட அதே புலமையே இன்றும் வேண்டப்படுகின்றது.

மூன்றாவதும் தலையாயதும் பாடவேறுபாடு. உ. வே. சா. தம் பதிப்புகளில் சுவடிதோறும் கண்ட பாடங்களை அடிக்குறிப்பாகத் தந்தார். தட்டச்சிட்ட எழுத்துரையில் மூலம் மட்டுமே நிற்க, அக்குறிப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. சிலபோழ்து எப்பதிப்பைப் பின்பற்றியது என்னும் குறிப்பும் இருப்பதில்லை. படிப்பார், தாம் காண்பது நூலின் ஒரே வடிவம் என்று கருதிவிடுவர். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பெற்ற அறிவு இவ்வாறு ஒரே வடிவாய்ச் சுருங்குதல் இழப்பேயாகும். எனவே, எழுத்துரையில் தேடி, பக்கப்படத்தில் உறுதி செய்து, பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் சுட்டி மேற்கோள் தருதலே ஆராய்ச்சி முறையாகும். இணையத்திற் கண்டது என்று மட்டும் குறித்தல் சான்றாகாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

தமிழ் மின்னூல் திடீரெனத் தோன்றிய புதுமை அன்று. சுவடியைப் படியெடுத்தார், அச்சேற்றினார், நாட்டுடைமைக்குப் போராடினார் ஆகியோர் முயற்சியின் தொடர்ச்சியாகும். நூல்கள் காலத்தாலும் அரசாலும் கொடையாலும் பொதுவாகின்றன. இம்மூன்றையும் அறிந்து நூலைத் தேடுவோர்க்கு முறையான நூல்களே ஒரு வாழ்நாளுக்கும் மிகையாக உள்ளன. முறையற்றனவற்றை நாடுதற்குத் தேவையே இல்லை. மிகப் பழைய நூலும் மிகப் புதிய நூலும் பாதுகாப்பாக இருக்க, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி நூல்களே இடரில் உள்ளன. மின்னூல் தேடலுக்கு எளிது. ஆயினும் பதிப்பறிவை அது தானே தாராது.

இத்திரட்டுகளைப் பெரிதும் எழுப்பினோர் வேதியியலாரும் கணிப்பொறியாளரும் மாணாக்கரும் பிற தொழிலினரும் ஆவர். அவர்களால் இயன்றதை அவர்கள் செய்து முடித்தனர். எஞ்சியுள்ள பணி தமிழ்த்துறைக்கே உரியது. ஒவ்வொரு முதுகலை மாணாக்கரும் தாம் ஆராயும் நூலின் ஒரு பகுதியையேனும் விக்கிமூலத்திற் பக்கப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, பாடவேறுபாட்டைக் குறித்துத் தருதல் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டாரத்து எழுத்தாளர் ஒருவரின் மரபுரிமையரையேனும் கண்டு இசைவு பெறுதல் வேண்டும். இவை பெருஞ்செலவு வேண்டாதன. ஓர் ஏட்டை நாடிப் பல நாள் நடந்தவர் வழியில் வந்த நாம், சில பக்கங்களைத் திருத்துதற்கு நேரமில்லை என்று கூறுதல் பொருந்தாது.